சாம்சன் சொன்ன சாட்சி

ஆரம்பாக்கம்
14.7.2024

அன்புள்ள கிறிஸ்டி,

இங்கே நானும் உன் அண்ணனும் பாப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். அங்கே ஏற்காட்டுக் குளிரில் உனக்கு மூக்கு ஒழுகுவது நின்றதா? மடத்தில் நவகன்னியராகப் பயிற்சியில் இருக்கும் இந்த வருஷம் முழுக்கப் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆகவே முதல் கும்பிடு மதருக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் இரண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உன் அண்ணன் குடியை விட்டுவிட்டார். நாற்பத்தொரு நாள் ஆகிறது.

நான் சும்மா நம்பிவிடுவேனா? ஷிப்டு முடிந்து வந்ததும் கிட்டே போய் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வண்டி டிக்கி, குளியலறைப் பரண், முருங்கை மரத்தடி, அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இடம் எல்லாம் தேடிவிட்டேன். மருந்து கொடுக்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. கம்பி மில்லை விட்டால் நேராக வீடு. அவருடைய கூட்டாளி கோபால் வாசலில் வந்து நின்று, "இன்னா மச்சான், ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். இவர், "வேணாம்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். பதினோரு வருஷக் கல்யாணத்தில் இவர் வாயில் 'வேணாம்' என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை.

தெருவே உன் ஜெபம்தான் என்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். நன்றாகச் சாப்பிடு. மடத்துக்குப் போனவள் இளைத்துப் போனால் பழி அண்ணிமேல்தான் வரும்.

அன்புடன்,
அண்ணி விக்டோரியா


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
4.8.2024

பாசமுள்ள அண்ணிக்கு,

ஆண்டவரின் அமைதி உங்கள் மூவரோடும் இருப்பதாக. நான் சுகம். மூக்கு ஒழுகுவது நின்று இருமல் வந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை மதர் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். நான் அழுததில் ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவள் கிண்டல் செய்தாள். மறுநாள் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் அன்று மத்தியானம் அண்ணன் தட்டை வீசி உங்கள் புருவம் கிழிந்ததே, தையல் போட ஆட்டோவில் போனோமே, அந்த ஆட்டோவில் நான் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தேன். "என்னை எடுத்துக்கொள்ளும், என் அண்ணனைக் குடியிலிருந்து விடுவியும்" என்றேன். மடத்துக்கு வந்தது அதனால்தான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இங்கே வந்தபிறகு பல நாள் மனம் ஆடியது. போன மே மாதம் திரும்பி வந்துவிடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துக் கீழே வைத்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். ஆண்டவர் தம் பங்கைச் செய்துவிட்டார், இனி நான் என் பங்கைச் செய்ய வேண்டும்.

அண்ணனை எனக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள்,
கிறிஸ்டினா


ஆரம்பாக்கம்
9.9.2024

அன்புள்ள கிறிஸ்டி,

இங்கே எல்லோரும் சுகம். இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி.

அந்த ஆட்டோ விஷயத்தைப் படித்துவிட்டு, வேலைக்குப் போகும் கம்பெனி வண்டியில் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அசடு! என் புருவத்துக்கு உன் ஆயுசா விலை?

நேற்று மாதா பிறந்தநாள் திருவிழா. கோயில் அன்பியக் கூட்டத்தில், குடியை விட்டதைச் சாட்சியாகச் சொல்ல உன் அண்ணனை மேடையேற்றிவிட்டார்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம், "குடிக்கத் தோணல. எதுவும் தோணல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் சாட்சி. ஜனங்கள் அல்லேலூயா என்று கை தட்டினார்கள். பெருமாள் நாயக்கர் நிலத்தில் உன் அப்பா நாற்று நட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்து நம் குடும்பத்தில் ஒருவர் மேடை ஏறியது இதுதான் முதல் முறை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டில் பூனைபோல இருக்கிறார். திட்டுவதில்லை, குழம்பில் குற்றம் சொல்வதில்லை. அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், சோறு அடிப்பிடித்துத் தெருவே நாறியது, எழுந்து அணைக்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார். பதினோரு வருஷம் கத்தலைக் கேட்ட காதுக்கு இந்த அமைதி பஞ்சுமெத்தை மாதிரி இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு வரி எழுதச் சொன்னேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்புறம் வைத்துவிட்டார். சோம்பேறித்தனம், வேறென்ன.

அன்புடன்,
அண்ணி


ஏற்காடு
29.9.2024

பாசமுள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. நான் சுகம். மிளகுப்பால் கேட்டது.

அண்ணன் சொன்ன சாட்சியை எங்கள் தியானக் குருவிடம் சொன்னேன். 'எதுவும் தோணல' என்பது பெரிய வார்த்தை, ஆசையறுப்பது துறவிகளுக்கே சுலபமில்லை என்றார். அண்ணன் மௌனமாக இருந்தால் இருக்கட்டும் அண்ணி. டிவி முன்னால் இழுத்து உட்கார வைத்து மனத்தைக் கலைக்காதீர்கள். கோயிலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

எனக்குத்தான் அந்த வரி வேண்டும். அவசரமில்லை.

உங்கள்,
கிறிஸ்டினா


ஆரம்பாக்கம்
17.11.2024

அன்புள்ள கிறிஸ்டி,

நலம், நலமறிய ஆவல். பதில் போட நாளாகிவிட்டது, மழை. சிப்காட் ரோட்டில் முழங்கால் தண்ணீர், கம்பெனி வண்டி இரண்டு நாள் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அத்தை கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினோம். உன் அண்ணன் மில்லில் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல் என்கிறார், கண்ணாடி மாற்ற வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏற்காடு
1.12.2024

பாசமுள்ள அண்ணிக்கு,

உங்கள் மூவருக்கும் திருவருகைக்கால வாழ்த்துகள். என் சுகத்துக்குக் குறைவில்லை.

நாள் குறித்துவிட்டார்கள். பிப்ரவரி இரண்டு, காணிக்கைத் திருநாள் அன்று என் முதல் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி. நீங்களும் அண்ணனும் பாப்பாவும் கட்டாயம் வர வேண்டும். காணிக்கைப் பவனியில் அண்ணன் கையில்தான் அப்பத் தட்டு என்று மதரிடம் சொல்லி வைத்துவிட்டேன். அன்று நன்றியுரையில் அவர் விடுதலையைச் சொல்லப்போகிறேன். பேச வேண்டியதை எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

உங்கள் போன கடிதம் ஏன் அத்தனை சின்னது? கிண்டல் இல்லாத கடிதம் நீங்கள் எழுதியது மாதிரியே இல்லை. என்மேல் ஏதாவது வருத்தமா?

உங்கள்,
கிறிஸ்டினா


ஆரம்பாக்கம்
20.12.2024

அன்புள்ள கிறிஸ்டி,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள் உனக்கும் மதருக்கும். இங்கே சுகம். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. வண்டி டிக்கெட் கிடைப்பது கஷ்டம், வர முடியுமா என்று பார்க்கிறேன்.

அண்ணி


ஏற்காடு
18.1.2025

பாசமுள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டுக் கேட்டு 'சுகம்' என்ற ஒரே வார்த்தைதான் வருகிறது.

இருபத்திரண்டாம் தேதி முதல் எங்களுக்கு மௌனத் தியானம். அன்றிலிருந்து வார்த்தைப்பாடு முடியும்வரை பேச்சு கிடையாது. வருகிற கடிதங்களையும் மதர் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அதனால் சொல்ல ஏதாவது இருந்தால் இந்தக் கடிதம் கண்டதும் எழுதுங்கள். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணன் இங்கே என் மனத்தில் இருக்கிறார்.

உங்கள்,
கிறிஸ்டினா


ஆரம்பாக்கம்
20.1.2025

அன்புள்ள கிறிஸ்டி,

உன்னிடமிருந்து இந்த மாதக் கடிதம் இன்னும் வரவில்லை. மதர் அவர்களே, நீங்கள் முதலில் படித்தாலும் சரி, ஒளிக்க எனக்கு இனித் தெம்பில்லை. நாங்கள் நலமாக இல்லை. செப்டம்பரிலிருந்தே நலமாக இல்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றினோம் என்று எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. உன் அண்ணன் அத்தனை ஜனத்துக்கு முன்னால் லுங்கியைத் தூக்கி, உன் அம்மா கல்லறைமேலேயே ஒன்றுக்குப் போனார். பதறி இழுத்தேன். "இன்னா இப்போ?" என்று சிரித்தார். செப்டம்பரில் அல்லேலூயா சொன்ன அதே வாய்கள் அன்றைக்குப் பிசாசு என்றன. மில்லில் லீவு என்றதும் பொய். பழுக்கக் காய்ந்த கம்பி ஓடுகிற இடத்தில் குறுக்கே நடந்து போயிருக்கிறார். கோபால் கழுத்தைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். குடித்திருக்கிறான் என்று ஊதச் சொன்னார்கள், மெஷின் ஒன்றும் காட்டவில்லை. கஞ்சா என்று முடிவு கட்டி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி கும்மிடிப்பூண்டியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா ஒரு கண்ணைப் பொத்தி விரலை எண்ணச் சொன்னார்கள். வலது கண்ணில் இவருக்கு விரலே தெரியவில்லை. "இது மனசு நோய் மாதிரி தெரியலம்மா. ஒடனே தலைக்கு ஸ்கேன் எடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டை நான் பைபிளுக்குள் வைத்தேன் கிறிஸ்டி. எட்டு வாரம் அங்கேயே இருந்தது.

ஏன் என்று கேட்பாய். உன் பெட்டியை நினைத்தேன். தலைக்குள் ஏதோ இருக்கிறது, அதனால்தான் குடி நின்றது என்று ஆகிவிட்டால் நீ எதன்மேல் நின்று வார்த்தைப்பாடு கொடுப்பாய்? பிப்ரவரி இரண்டு முடியட்டும் என்று தள்ளினேன். இது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அடிக்காத புருஷன் கிடைத்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் பழைய ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் கோபால் வந்தான். "அண்ணி, போன ஜூன்லயே அவன் சொன்னான். 'சரக்கு பச்சத் தண்ணி மாரி கீதுடா, வாசனையே வரல'ன்னான். உங்க மீன் கொழம்புக்கும் அதான் சொன்னான். நான் கிண்டல் பண்ணிக்கினு வுட்டுட்டேன்" என்றான். பைபிளிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். மறுநாளே லோக்கல் ரயில் ஏற்றிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மூளையின் முன்பக்கம், மூக்குக்கு மேலே, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி. பல வருஷமாக மெல்ல வளர்ந்திருக்கிறது. முதலில் வாசனை நரம்பை அமுக்கியிருக்கிறது, பிறகு ஆசை, கோபம், வெட்கம் எல்லாம் இருக்கிற இடத்தை, இப்போது கண் நரம்பை. வலது கண் போய்விட்டது. இடதும் போய்க்கொண்டிருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன்.

டாக்டரிடம் கேட்டேன்: "கட்டியை எடுத்தா குடி திரும்பி வந்துடுமா சார்?" அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "அவர் திரும்பி வரணும்னுதாம்மா எடுக்கிறோம். அவரோட என்னென்ன வரும்னு நான் எப்படிச் சொல்ல?" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வார்த்தைப்பாடு கொடுப்பதற்குமுன் உனக்குத் தெரிய வேண்டும். மடத்துக்குப் போன் போட்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, இன்று மத்தியானமே தபாலில் சேர்க்கிறேன், நாலு நாளில் கிடைத்துவிடும். படித்துவிட்டு நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

விக்டோரியா


ஏற்காடு
3.2.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இருபத்துநான்காம் தேதி வந்து இழுப்பறையில் இருந்திருக்கிறது. நேற்று மூன்று மணிக்குக் கையில் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நன்றியுரையில் அண்ணனைப் பற்றி எழுதிவைத்ததை அப்படியே வாசித்தேன். முந்நூறு பேர் கை தட்டினார்கள். அப்போது ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. எனக்கு அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

எட்டு வாரம், அண்ணி. என் பெட்டிக்காக என் அண்ணன் கண்ணை விட்டுவிட்டீர்களே. உங்களிடம் நான் கேட்டேனா?

மதர் போன் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது பேசினால் இதைவிடக் கேவலமாகப் பேசிவிடுவேன். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

கிறிஸ்டினா


ஆரம்பாக்கம்
9.3.2025

அன்புள்ள கிறிஸ்டி,

நீ எழுதியது எல்லாம் சரி. எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை.

உன் அண்ணன் பிழைத்துவிட்டார். எட்டு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. பதினாறு நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் அசைவதும் தெரிகிறது. இனி மில் வேலை இல்லை. மூன்று வாரம் உனக்கு எழுதாமல் இருந்தது வேலை மிகுதியால் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் கஞ்சியை வாயில் வைத்தேன். துப்பிவிட்டு, "இன்னாடி இது, மனுசன் துன்றதா?" என்று கத்தினார். எட்டு மாதத்துக்குப் பிறகு கோபம்! வார்டே திரும்பிப் பார்த்தது. நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்து அழுததைப் பார்த்து, நர்ஸம்மா எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள். அன்றைக்குப் பாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வளர்ந்துட்டா?" என்றார்.

சாட்சி சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. கல்லறையும் நினைவில் இல்லை, அது புண்ணியம். போன வாரம், "கிறிஸ்டி எப்ப ஊட்டுக்கு வருவா?" என்று கேட்டார். வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டாள் என்றேன். ஏன் போனாள் என்று கேட்டார். மறைத்து மறைத்துத்தான் இந்தக் கதி, அதனால் சொல்லிவிட்டேன். ஆட்டோவில் நீ செய்த பொருத்தனையையும் சொன்னேன். "என் குடிக்கா? நான் கேட்டனா அவள? யாரு கேட்டா?" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் கோபாலிடம் ஒரு குவார்ட்டர் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொடுக்காமல் நேரே என்னிடம் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான் கோபால். அவனைத் திட்ட என்ன இருக்கிறது?

எட்டு மாதம் நான் குடும்பம் நடத்தியது நல்ல புருஷனோடு இல்லை, கிறிஸ்டி, ஒரு கட்டியோடு. இப்போது வந்திருப்பவர்தான் என் புருஷன். வந்துவிட்டார் என்று சந்தோஷமாக இருக்கிறது. வந்துவிட்டாரே என்று பயமாகவும் இருக்கிறது. கண் தெரியாத மனுஷன் தட்டைத் தூக்கினால் குறியாவது தப்பும் என்று நேற்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். அப்புறம் குளியலறையில் போய் அழுதேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் தீர்ந்தால் எழுது. தீராவிட்டாலும் எழுது.

அண்ணி


ஏற்காடு
30.3.2025

பாசமுள்ள அண்ணிக்கு,

நான் சுகம். இனி உங்களுக்குச் 'சுகம்' என்று எழுதும்போது அது நிஜமாகவே சுகம்தானா என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுகிறேன். உடம்பு சுகம்.

பிப்ரவரியில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் எட்டு வாரம் ஒரு சீட்டை மறைத்தீர்கள். ஆனால் செப்டம்பரில், அண்ணனைக் கலைக்காதீர்கள், உட்காரட்டும் என்று எழுதியவள் நான். அதை நீங்கள் மறைப்பதற்கு முன்னாலேயே எழுதினேன் என்பது இப்போதுதான் உறைத்தது. நாம் இரண்டு பேரும் அவருடைய நோயைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆண்டவருக்காக வந்தாயா, அண்ணனுக்காக வந்தாயா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. என் வார்த்தைப்பாடு ஒரு வருஷத்துக்குத்தான். வருகிற பிப்ரவரியில் மறுபடி கேட்பார்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், தப்பில்லை என்றார்கள். வந்தால் அண்ணனுக்கு எதிரில் எப்படி நிற்பது? வராவிட்டால் இங்கே எதற்கு நிற்பது?

போன ஞாயிறு இளையோர் கூட்டத்தில், 'அண்ணன் குடியை விட்ட கதையைச் சொல்லுங்கள் சிஸ்டர்' என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. அவர்களாகவே கை தட்டிவிட்டார்கள்.

அவர் குடிக்கக் கூடாது என்று கேட்கப் பயமாக இருக்கிறது, அண்ணி. ஒருதரம் கேட்டது போதும். குடித்தாலும் பரவாயில்லை என்று கேட்கவும் வாய் வரவில்லை, உங்கள் புருவம் கண்முன் வருகிறது. காலையில் கோயிலில் முழங்காலிட்டு, 'சாம்சன்' என்று அண்ணன் பெயரை மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுகிறேன்.

உங்கள்,
கிறிஸ்டினா